பல்பை மாற்றிக்கொண்டே இருந்த தேவராஜ் சார்

தேவராஜ் சார் இன்று காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். அவர் மனைவி பேசி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடுவாஞ்சேரி தாண்டி நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் அவர் பர்ச்சேஸ் மேனேஜர். நான் ஸ்டோர்ஸில் கிளார்க். இரண்டு பேருக்கும் வீடு சேலையூரில்.

ஐந்து மாத வயிற்றோடு நான் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவதை ஒருநாள் பார்த்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் கேட்டில் காரை நிறுத்தி, "ஏறும்மா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் அவருடைய பழைய வெள்ளைக் காரில்தான் வீடு திரும்பினேன்.

அந்தக் காரின் வெளிச்சம் மட்டும் அவருக்குப் போதவே இல்லை.

காருக்கு எல்.இ.டி. பல்புகள் அப்போதுதான் கடைகளில் தலைகாட்ட ஆரம்பித்திருந்தன. முதலில் மீட்டர் பல்பை மாற்றினார். மஞ்சள் போய் வெள்ளையாக எரிந்தது. பளிச்சென்று இருக்கிறது சார் என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்றார்.

பிறகு உள்ளே எரியும் விளக்கு. பிறகு பார்க்கிங் லைட். பிறகு பின்னால் பிரேக் லைட்... சனிக்கிழமை ஆனால் கேம்ப் ரோட்டில் காதர் பாயின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. ஏதோ ஒரு பழைய பல்பு கழன்று எல்.இ.டி. ஏறும். ஸ்டோர்ஸில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும்தான்.

மழைக்காலம் வந்தது. ஆறு மணிக்கே இருட்டு. பெருங்களத்தூர் அருகே ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. சாரும் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

கார் வேகம் குறையவே இல்லை... நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டார். பம்பருக்கும் சைக்கிளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

ஓரமாக நிறுத்தினார். "ஹெட்லைட் பத்தலம்மா" என்றார். அதையும் எல்.இ.டி. ஆக்கிவிட வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நேராக பாய் கடைக்குப் போனோம். பாய் மறுத்துவிட்டார். ஹெட்லைட்டுக்கு வருகிற எல்.இ.டி. இன்னும் சரியில்லை, ரோட்டில் வெளிச்சம் விழாது என்றார். சார் விடுவதாக இல்லை. பாய் ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, எதிரே இருந்த காம்பவுண்ட் சுவரைக் காட்டினார்.

"லைட்டு நல்லாத்தான் கீது சார். அந்தச் செவுத்துல ஓரமா ஒரு போஸ்டர் கீது பாருங்க, அதுல எழுத்துகூட தெரியுது."

சார் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்த போஸ்டர்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று பாய் மெதுவாகச் சொன்னார். சாருக்கு வந்ததே கோபம். வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்று காரை எடுத்துவிட்டார்.

வீடு வருவதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் மேனேஜர், நான் கிளார்க். தினமும் ஏற்றிக்கொண்டு வருகிற மனிதரிடம் உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது...

மறுநாள் பொய் சொன்னேன். பிரசவம் வரை கீழ்க்கட்டளையில் அம்மா வீட்டில் இருக்கப்போகிறேன், இனிமேல் காரில் வர முடியாது என்று.

கொஞ்சம் சுற்றுதானே, அங்கேயே கொண்டுவந்து விடுகிறேன் என்றார். வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போவார் என்று இன்னொரு பொய்.

பத்து நாள் கழித்து, வண்டலூர் பக்கம், கார் சென்டர் மீடியனில் ஏறிவிட்டது. தனியாகத்தான் வந்திருக்கிறார். வேறு யாருக்கும் அடியில்லை. அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில்தான் கண்ணையும் பார்த்திருக்கிறார்கள். விழித்திரை பல வருடமாகக் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறதாம். ஓரப் பார்வை ஏறக்குறைய போய்விட்டதாம். வெளிச்சம் குறைந்தால் ஒன்றுமே தெரியாதாம். எத்தனை பல்பு மாற்றி என்ன...

பார்க்கப் போனேன். மனைவி காபி வாங்க வெளியே போன நேரத்தில் கேட்டார்.

"நீ அம்மா வீட்டுக்குப் போகலதானே?"

"இல்ல சார். பயமா இருந்துச்சு."

மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாமேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

எலும்பு சேர்ந்தது. பழைய நடை வரவில்லை. வேலையை விட்டார். காரை விற்றுவிட்டார்கள்.

என் பெண் பிறந்து ஐந்தாம் மாதம். பட்டப்பகலில், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். முகத்தோடு முகம் வைத்த மாதிரி கிட்டத்தில் பிடித்து, நெற்றி, புருவம், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்கு உன்னுதுதான்" என்றார். அவள் அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். சார் விடுவித்துக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு நான் அவரைப் போய்ப் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை அவர் வீடு...

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். ஸ்டோர்ஸில் கூட இருந்தவர்கள் இதைப் பார்த்தால் வந்துவிடுங்கள். நான் கிளம்புகிறேன்.

நல்லபடியா போய்ச் சேருங்க சார்.