போல்ட் உட்கார்ந்தால்

லிஃப்ட் கதவு திறந்த பிறகும் அவர் சட்டென்று உள்ளே நுழைய மாட்டார். குனிந்து தரையைப் பார்ப்பார். பெட்டி வந்து நிற்கிறதா, வெறும் குழிதானா என்று கண்ணால் கண்ட பிறகுதான் காலை எடுத்து வைப்பார். எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டைப் பழுது பார்ப்பவரே அவர்தான். நேற்று அவர் கையாலேயே கழற்றி மாட்டிய கதவாக இருந்தாலும் இன்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். கேட்டால், "பெட்டி இருக்கும்னு நெனச்சவங்கதான் சார் விழுந்திருக்காங்க. இருக்கான்னு பாத்தவன் எவனும் விழல" என்பார்.

இந்தப் பழக்கம் லிஃப்ட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அதே கதைதான். செருப்பைக் கவிழ்த்துத் தட்டாமல் போட மாட்டார். குளியலறைக்குள் போகுமுன் விளக்கைப் போட்டு மூலைகளைப் பார்ப்பார். அவர் மனைவிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை, வாயும் சற்று நீளம். "சோபாவுல உக்கார்றதுக்கு முன்னாடி கூட ஒரு தடவை திரும்பிப் பாக்கறார். இருபது வருஷமா அதே எடத்துல கெடக்குற சோபா, எழுந்து எங்க போயிடப் போகுது?" என்று என்னிடம் முறையிட்டிருக்கிறார். கணவர் அதற்குச் சிரிப்பார். சிரித்துவிட்டு, பார்த்துவிட்டு, உட்காருவார்.

ஐம்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்களில் கிரீஸ் கறுப்பு தங்கியிருக்கும். குரல் ஏறவே ஏறாது. தரைத்தளத்தில் வீடு. பிள்ளைகள் இல்லை, இரண்டு நாய்கள் உண்டு. பெரியவன் போல்ட், கறுப்பு, பத்து வயது. சின்னவள் நட்டு, பழுப்பு நிறம், ஒன்றரை வயது, ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. விடிந்ததும் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைக்குப் போய்விடுவார். பாதி மலை ஏறி, ஒரு சுனையில் நாய்கள் தண்ணீர் குடித்ததும் இறங்கிவிடுவார். உச்சியில் அவருக்கு வேலை இல்லை. "ஆறு நாளும் மேல கீழ போறதுதானே சார் நம்ம பொழப்பு. இதுல பட்டன் இல்ல, அவ்வளவுதான்."

மலையில் விரியன் பாம்புகள் உண்டு. அதனால் வியாழக்கிழமை காலையில் அந்த வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். மனைவி முதலில் தன் மருத்துவமனைக்கு போன் போடுவார். பிறகு கால்நடை மருத்துவமனைக்கு. இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி: விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறதா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் அன்றைக்கு மலை கிடையாது. ஏழு வருடமாக இந்த விசாரிப்பை ஒரு வாரம் கூட விட்டதில்லையாம். எதிர்முனையில் போனை எடுப்பவர் குரலைக் கேட்டதுமே, "இருக்கும்மா, போயிட்டு வரச் சொல்லுங்க" என்கிறாராம்.

நான் அவரோடு மலைக்குப் போன வியாழக்கிழமை, அந்த அம்மாள் போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "மனுஷங்களுக்கு நெறைய இருக்கு. நாய்ங்களுக்கு ஒரே ஒரு குப்பிதான் இருக்காம். அதனால ரெண்டுல ஒண்ணு மட்டும் கடி வாங்குங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "சார், நீங்க தாராளமா வாங்கிக்கலாம்" என்றார். பாம்பு என்ற சொல்லைத் தாளில் எழுதினாலே கையைத் துடைத்துக்கொள்கிற ஜாதி நான். அந்த அம்மாளுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அதற்காக நான் ஒரு முறை அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். கதவு சரியாக மூடவில்லை என்றால் லிஃப்ட்டை நகர விடாமல் நிறுத்திவைக்க ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. போன வருடம் அது கோளாறாகி, கதவு நன்றாக மூடியிருந்தாலும் லிஃப்ட்டை நிறுத்தத் தொடங்கியது. புது சுவிட்ச் வர இரண்டு நாள் ஆகும். இந்த மாதிரி நேரத்தில் சிலர் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு அந்த சுவிட்சை ஏமாற்றிவிடுவார்களாம். லிஃப்ட் ஓடும். கட்டடத்துச் செயலாளர் அதைத்தான் செய்யச் சொல்லிக் கத்தினார். இவர் மறுத்துவிட்டார். "பத்து தடவை பொய்யா நிறுத்தினாலும் பதினோராவது தடவை நெஜமா இருக்கலாம் சார். ஒயர் போடற வேலை என் கிட்ட இல்ல." நாங்கள் இரண்டு நாள் படியேறினோம். நான் ஐந்தாவது மாடி.

போல்ட்டும் ஒரு சுவிட்ச்தான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு புதருக்குள் மூக்கை விட்டுத் தாடையில் கடி வாங்கினான். முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. நாய் நடந்தால் விஷம் சீக்கிரம் ஏறும் என்று, இருபத்தாறு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இறங்கினார் இவர். மூன்று நாள் இழுத்துப் பிடித்து போல்ட் பிழைத்தான். அதிலிருந்து பாம்பு வாடை வந்தால் குரைக்க மாட்டான், இழுக்க மாட்டான். அப்படியே உட்கார்ந்துவிடுவான். "யாரும் சொல்லிக் குடுக்கல. அவனா கத்துக்கிட்டான். பதினோரு தடவை உக்காந்திருக்கான் சார். பதினோரு தடவையும் பத்தடிக்குள்ள இருந்துச்சு." சொல்லும்போது, பிள்ளை பள்ளியில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் தகப்பன் முகம் அவருக்கு.

நட்டுவுக்கு இன்னும் அந்த ஞானம் வரவில்லை. அவளுக்கு அவர் ஒரே ஒரு சொல்லைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்: நில்லு. எங்கள் கட்டடத்துத் தரைத்தள நடையில் நான்கு மாதம் அந்தப் பாடம் நடந்தது. மெதுவாகத்தான் சொல்வார். "கத்தினா நாய் திரும்பிப் பாக்கும், துள்ளும். துள்ளினா கடிதான்." அவள் சிலையாக நின்றால் பிஸ்கட். ஒரு காதை ஆட்டினாலும் கிடையாது. அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைக் கேட்டுத் தாங்களும் ஒரு நொடி நின்று போனதுண்டு.

மலைப்பாதை குறுகல். இரண்டு பக்கமும் இடுப்பளவு புல், காலடியில் சருகு. முன்னால் நட்டு, அவள் கயிற்றைப் பிடித்தபடி இவர், இவருக்குப் பின்னால் போல்ட், கடைசியில் அவர் இரவல் கொடுத்த இரண்டு அளவு பெரிய பூட்ஸுக்குள் நான். கைத்தடியை ஊன்றி ஊன்றி நடந்தார். மரம் குறுக்கே கிடந்தால் தாண்ட மாட்டார். அதன் மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் குனிந்து பார்த்து, பிறகு இறங்குவார்.

போல்ட்டுக்கு இப்போது இடுப்பு வலி. ஆறு மாதமாகத்தான், அந்தப் பதினோரு தடவைக்கும் பிறகு. முடியவில்லை என்றாலும் உட்கார்ந்துவிடுகிறான். அன்றைக்கு ஏறும்போதே மூன்று முறை உட்கார்ந்தான். முதல் முறை இவர் எங்களையெல்லாம் நிறுத்தி, தடியால் சுற்றுப்புறத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார். ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை கொஞ்சம் அவசரமாகத் தேடினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நட்டு தண்ணீருக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். சுனை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போல்ட் நான்காவது முறையாக உட்கார்ந்தான்.

"இடுப்பாடா கெழவா?" என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். போல்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "சார், இவன் கயித்த நீங்க பிடிச்சுக்கங்க. மெதுவா கூட்டிட்டு வாங்க. இவளுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்." கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். ஐந்தடி போயிருப்பார்.

லாரி டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம். நின்று, மறுபடி வந்தது. நட்டு அந்தச் சத்தத்தை நோக்கி மூக்கை நீட்டி ஒரு முன்னங்காலைத் தூக்கினாள்.

"நில்லு."

தண்ணீர் கேட்பது போன்ற குரல். தூக்கிய கால் தூக்கியபடி அவள் நின்றாள். அவரும் நின்றார். நானும்தான்.

பாம்பு எங்கே என்று எனக்கு முதலில் தெரியவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெறும் சருகு. பிறகு சருகு மூச்சு விட்டது. என் முன்கை பருமனில் ஒரு விரியன், சுருட்டி வைத்த குழாய் போல, அவர் பூட்ஸிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. நட்டுவின் மூக்கிலிருந்து அதைவிடக் கொஞ்சம் கூட. பழுப்பு உடம்பில் வரிசையாகக் கரும்பழுப்பு வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்கும் கறுப்பு விளிம்பு, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. இவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்ட ஒன்று இவ்வளவு நேரம் என் கண்ணுக்குப் படவில்லை. நான் பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். பயப்படுவதற்கும் மனதில் கொஞ்சம் இடம் வேண்டும், அது முழுவதையும் அந்தப் பாம்பு எடுத்துக்கொண்டிருந்தது.

அவர் கயிற்றை இழுக்கவில்லை. இழுத்திருந்தால் அவள் துள்ளியிருப்பாள். விரல்கள் கூட இறுகவில்லை. "நல்ல பொண்ணு. அப்படியே இரு. அப்படியே" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நட்டுவின் தூக்கிய கால் நடுங்கத் தொடங்கியது. ஒரு குப்பி மருந்து. அதுவும் ஒரு மணி நேரம் மலையிறங்கி, முக்கால் மணி நேரம் வண்டியில் போனால். எனக்குத் தோன்றியது அவருக்குத் தோன்றாமலா இருக்கும்? அவர் கழுத்தில் வியர்வை வரி வரியாக இறங்கியது. துடைக்கக் கை போகவில்லை. ஒன்றரை வயதுக் குறும்புக்காரி ஒருத்தி, ஒரு மனிதர் சொன்ன ஒற்றைச் சொல்லின் மேல் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தாள். இதைவிடப் பெரிய விஷயத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததாக நினைவில்லை.

நான்கு நிமிடம் என்று பிறகு அவர் சொன்னார். எனக்கு ஒரு பகல் போலிருந்தது. பாம்பின் சத்தம் தணிந்தது. தலை மெல்லத் தாழ்ந்தது. சுருள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, எங்கள் நால்வரையும் ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பாதையைக் கடக்கத் தொடங்கியது. அவர் பூட்ஸின் முனை வழியில் இருந்தது. அது சுற்றிப் போகவில்லை. முனையின் மேல் ஏறி, ஒவ்வொரு வட்டமாகக் கொண்டுபோய், அந்தப் பக்கம் இறங்கியது. அந்த பூட்ஸுக்குள் ஒரு மனிதர் இருந்தார் என்பதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. வால் புல்லுக்குள் போன பிறகும் வெகுநேரம் அவர் அசையவில்லை.

"வா" என்றார். நட்டு காலைக் கீழே வைத்துவிட்டு, பிஸ்கட்டுக்காக அவரைப் பார்த்தாள். பை முழுவதையும் அவள் முன் கொட்டினார். பிறகு ஐந்தடி திரும்பி போல்ட்டிடம் வந்தார். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. போல்ட் இம்மி நகர்ந்திருக்கவில்லை.

அவன் முன்னால் முழங்காலிட்டார். "ஒயர் போட்டுட்டேன் சார்" என்றார். "முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு தடவை போட்டதில்ல. இவனுக்குப் போட்டுட்டேன்."

போல்ட்டின் கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நட்டுவின் கயிறு என் கைக்கு வந்தது.

சுனைக்குப் போகவில்லை, பாட்டில் தண்ணீரை நாய்களுக்குக் காட்டிவிட்டு இறங்கினோம். பாதி வழியில் ஒரு பெரிய பாறைச் சரிவு. புல் இல்லை, புதர் இல்லை, வெடிப்பு கூட இல்லை. கழுவித் துடைத்த தட்டு மாதிரி வழவழவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு எறும்பு போனாலும் தெரியும். அதன் நடுவில் போல்ட் உட்கார்ந்தான்.

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு அவரும் அவன் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார். சூடு பூட்ஸ் வழியாக எனக்கே ஏறியது. "இங்க ஒண்ணும் இருக்காதே?" என்றேன். அவர் தடியைக் கீழே வைத்தார்.

போன் அடித்தது. மனைவி. அந்த அம்மாளின் குரல் எனக்கே கேட்டது. "எங்க இருக்கீங்க? ஏன் இவ்வளவு நேரம்?"

"எறங்கிட்டிருக்கோம். போல்ட் உக்காந்திருக்கான்."

"பாம்பா, இடுப்பா?"

"தெரியல. அவன் எழுந்ததும் சொல்றேன்."

போனைப் பைக்குள் போட்டார். வெயில் போல்ட்டின் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தன் நிழல் நாயின் மேல் முழுதாக விழும் வரை நகர்ந்து, முதுகை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.