வாளிக்குள் இருந்த பூக்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், வடக்கே தலைநகரில், ஜனக்புரியில் ஒரு மொட்டைமாடி அறையில் தனியாக இருந்தேன். பிளாஸ்டிக் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. தமிழ் பேசக் கிடைத்தவர் கீழ்வீட்டு அக்கா ஒருவர்தான். திருநெல்வேலிக்காரர். கணவர் ராணுவத்தில், எல்லையில்.

ஜனவரியில் ஒரு காலை, அவரிடம் இரவல் வாங்கியிருந்த வாளியைத் தூக்கினேன். ராத்திரி முழுக்க வெளியில் குளிரில் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் லேசாக இடித்ததுமே மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. நான் கீழே போட்டுவிட்டேன் என்றுதான் அக்கா நினைத்தார். அதற்குப் பிறகு சரியாகப் பேசவில்லை.

உடைந்த துண்டொன்றை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வட்ட வட்டமாகப் பூக்கள். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மடிந்து மடிந்து அப்படி அடுக்கிக்கொள்ளும். மெதுவாக ஆறினால் பூக்கள் பெரிதாகும். ஒரு பூவிலிருந்து அடுத்ததற்குப் போய் இரண்டையும் பிணைக்கும் இழைகள் குறைந்துவிடும். இந்த வாளியில் பூக்கள் மிகப் பெரியவை. போதாததற்கு, வளைந்து கொடுக்கவேண்டிய தளர்ந்த இழைகளும் குளிரில் விறைத்திருந்தன. அடி பட்டதும் பூக்களின் ஓரத்தோடு விரிசல் ஓடியிருக்கிறது.

அன்று மாலை அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாதக்கணக்கில் நான் அவ்வளவு பேசியதில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கு அதக் காட்டுவியா?" என்றார்.

சனிக்கிழமை அனுமதி வாங்கிப் பேருந்தில் கூட்டிப்போனேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது வாளியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இதெல்லாம் பாத்துட்டு யார்ட்ட போயி சொல்லுவ?"

"யார்கிட்டயும் இல்லக்கா."

"நானும் அப்படித்தான். அவுக லெட்டர் வந்தாக்கூட நானே ரெண்டு தடவ சத்தமா படிச்சுக்கிடுவேன்."

திரும்பும்போது ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அது நன்றாக இருந்தது.

கோடை வெயில் ஏறுவதற்குள் அவர் கணவருக்கு ஜோத்பூருக்கு மாற்றல் வந்து, வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார். கீழே ஒரு பஞ்சாபிக் குடும்பம் வந்தது. நல்லவர்கள்தான், ஆனால் என் இந்திக்கு அவர்களோடு வானிலை வரைக்கும்தான் பேச முடிந்தது. நான் சனிக்கிழமைகளிலும் ஆய்வகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.