கல் பொட்டு வைத்த பொத்தான்

எனக்குப் பொத்தான்கள் மேல் கோபம் உண்டு. சட்டைப் பொத்தானைச் சொல்லவில்லை. அழுத்துகிற பொத்தானைச் சொல்கிறேன். லிஃப்டில் கதவைத் திறப்பதும் மூடுவதும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கும். ஓடி வருகிறவருக்காகத் திறக்கப் போய், அவர் முகத்துக்கு நேராகவே மூடிவிடுவோம். எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். நான் மட்டும் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அக்காவும் மலேசியாவில், மலாக்கா பக்கத்து ஆயர் குரோவில் ஒரு ரப்பர் சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். வீடு புலாவ் செபாங் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். நாங்கள் அதே ரப்பரை அச்சில் வைத்து அழுத்தி வளையம் வளையமாக எடுத்தோம். எங்களைப் பற்றி எஸ்டேட்டில் பெருமையாகத்தான் பேசிக்கொண்டார்கள். நாங்களும் யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பெருமையாகத்தான் பஸ் ஏறினோம்.

நான் பேக்கிங்கில் இருந்தேன். அக்கா ரப்பரை அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில். ஒரு பிரஸ்ஸுக்கு இரண்டு பேர். ஒருவர் ரப்பர் துண்டை அடித்தட்டில் வைத்து எடுப்பார். இன்னொருவர் பக்கத்துத் தூணில் இருக்கும் பொத்தானை அழுத்தி மேல்தட்டை இறக்குவார், ஏற்றுவார். அக்கா பொத்தானில் நின்றாள். தட்டில் நின்றவர் எங்கள் லயத்து அத்தை. இரத்த உறவு இல்லை. ஆனால் எங்களுக்கு முதன்முதலாகத் தாவணி கட்டிவிட்டது அவர்தான்.

முன்பிருந்த பிரஸ்ஸில் ஏற்றும் பொத்தான் சிவப்பாக, காளான் குடை மாதிரிப் புடைத்துக்கொண்டு இருந்தது. முழங்கையால் இடித்தால்கூட வேலை செய்யும். அது பழுதாகி, எங்கிருந்தோ ஒரு பழைய இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் இரண்டு பொத்தானும் கறுப்பு. ஒட்டி ஒட்டி இருந்தன. அடியில் எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. எது ஏற்றும், எது இறக்கும் என்று ஃபிட்டர் ஒரு தடவை காட்டிவிட்டுப் போனார். அதோடு பயிற்சி முடிந்தது.

அக்கா தானே ஒரு வழி செய்துகொண்டாள். தன் கல் பொட்டு ஒன்றை எடுத்து ஏற்றும் பொத்தானில் ஒட்டினாள். பார்க்கவே வேண்டாம். கட்டைவிரலுக்குக் கல் தட்டுப்பட்டால் அதுதான் ஏற்றுவது. சூப்பர்வைசரும் பார்த்துச் சிரித்தார், எடுக்கச் சொல்லவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் வேலைக்கு முன்னால் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துக்கொள்ள எங்கள் லைனுக்கு அனுமதி உண்டு. அன்று அக்காவை வேறு பகுதிக்கு அனுப்பியிருந்தார்கள். அத்தை பிரஸ்ஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். துடைத்ததில் பழைய பொட்டு விழுந்துவிட்டது. சந்தனம், குங்குமம், அரளிப்பூ எல்லாம் வைத்துவிட்டு, கடைசியில் தன் பையிலிருந்து ஒரு புதுக் கல் பொட்டை எடுத்து, வேலை எந்தப் பொத்தானில் தொடங்குமோ அந்தப் பொத்தானில் ஒட்டினார். இறக்கும் பொத்தானில். பூஜை என்றால் தொடங்குகிற இடத்துக்குத்தானே பொட்டு வைப்போம். அவர் ஒருநாளும் பொத்தானில் நின்றதில்லை. அது அக்காவுடைய அடையாளம் என்பது அவருக்குத் தெரியாது.

அக்கா திரும்பி வந்தபோது மெயின் சுவிட்சைப் போட்டிருந்தார்கள். அடித்தட்டில் ஒரு அரளிப்பூ விழுந்து கிடந்தது. அத்தை அதை எடுக்கக் கையை விட்டார். அந்த நேரம் பார்த்து, பழைய இயந்திரம், மேல்தட்டு தானாக இறங்கத் தொடங்கியது. வேகமாக இல்லை, மெதுவாகத்தான். அத்தையின் சட்டைக் கைப் பட்டனோ வளையலோ எங்கோ மாட்டிக்கொண்டது.

"ஏத்துமா, ஏத்து" என்றார் அத்தை.

அக்கா பொத்தானைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தாள். கட்டைவிரல் கல்லைத் தேடி அழுத்தியது. தட்டு இன்னும் இறங்கியது. அவள் இன்னும் பலமாக அழுத்தினாள். ஏறவில்லை என்றதும் மறுபடியும் மறுபடியும் அதையே அழுத்தினாள். பயத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இதை நான் பின்னால் பாடமாகவும் படித்தேன். ஆனால் பேக்கிங் வரைக்கும் வந்த அத்தையின் அலறலைக் கேட்ட பிறகு எனக்குப் பாடம் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் அத்தையின் வலது கையை மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில், யார் அழுத்தியது என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அத்தை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, தன் இடது கைதான் தவறிப் பொத்தானில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார். அவர்கள் போன பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"பொட்ட நாந்தான்மா மாத்தி ஒட்டிட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. அழுவாதே லா."

"அழுத்துனது நான்தானே அத்தை" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் பழியைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்குக்கு வரவேண்டியவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். அடுத்த வாரம் பிரஸ்ஸின் மேல் மலாயில் ஒரு அறிவிப்பு தொங்கியது: இயந்திரத்தில் எதையும் ஒட்டக் கூடாது. பொத்தான் இரண்டும் கறுப்பாகவே இருந்தன. இன்றும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா வேலையை விட்டாள். நெற்றியில் பொட்டு வைப்பதையும் விட்டாள். கல்யாணம் ஆகாத பெண் வெறும் நெற்றியோடு நிற்கிறாளே என்று லயத்தில் பேசினார்கள். அம்மா கெஞ்சினாலும் விபூதியோடு நிறுத்திக்கொள்வாள்.

நான் மலாக்கா டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், பிறகு கடைகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு சின்ன ஆபீசில் சேர்ந்தேன். திரைகளை வரைவது என் வேலை. எதிரெதிர் வேலை செய்கிற இரண்டு பொத்தான்கள் ஒன்று போல இருக்கக் கூடாது, பக்கத்தில் இருக்கக் கூடாது, தவறி அழுத்தினால் திரும்பி வர வழி வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. சேமிப்பதையும் அழிப்பதையும் ஒட்டி வைக்கச் சொன்ன முதலாளியோடு மல்லுக்கு நின்றேன். "பார்க்க அழகா இருந்தா போதும் லா, ஏன் இவ்ளோ டென்ஷன்?" என்றார். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்தப் பத்தாண்டு முடியும் சமயத்தில் அக்காவுக்குக் கல்யாணம் கூடியது. நலங்கு வைக்க அவள் முதலில் கூப்பிட்டது அத்தையைத்தான். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அத்தை தள்ளியே நின்றார்.

"எடது கையால பொட்டு வைக்கக் கூடாதும்மா. ஒனக்கு நல்லதில்ல. வேற யாரையாச்சும் வைக்கச் சொல்லு."

"நீங்க வைக்கலன்னா எனக்குப் பொட்டே வேணாம் அத்தை."

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. கிட்டே வந்து, பழக்கத்தில் வலது கையையே குங்குமச் சிமிழ் பக்கம் நீட்டினார். முந்தானை வழுக்கி விழுந்தது. அந்த மணிக்கட்டு அக்காவின் முகத்துக்கு நேரே நின்றது. அக்கா சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து பொட்டு வைத்தார். அத்தை பந்தலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.