‘வர்றேன்’ என்று சொல்லாதீர்கள்

என் வண்டி ஓடும் இடத்தில் யாரும் ‘வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. வேலை ஆரம்பிக்கும் முதல் நாளே எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிடுவேன். கிளம்புகிறாயா, ‘போறேன்’ என்று சொல். பக்கத்தில் வருகிறாயா, வாயைத் திறக்காதே; எனக்குத் தெரிகிற இடத்தில் நின்று கையைத் தூக்கு. நான் பக்கெட்டைத் தரையில் ஊன்றிவிட்டுத் தலையை ஆட்டினால் மட்டும் வா. இதைக் கேட்டு முகம் சுளிக்காத ஆளை இந்தத் திருப்பூர் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. “காலங்காத்தால போறேன்னு சொல்லச் சொல்றானே, என்ன மனுசன் இவன்” என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். தெற்கத்திக்காரனுக்கு மரியாதை தெரியாது என்று ஒரு மேஸ்திரி சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். மரியாதை தெரிந்தவனாக இருந்த காலத்தில்தான் ஒரு மனிதரின் வலது காலை எடுத்தேன்.

பொக்லைன் ஓட்ட ஆரம்பித்துப் பதினாறு வருடமாகிறது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் மற்ற எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். எனக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாததால் மண்ணுக்குப் போனேன். இரண்டு லீவரை ஆட்டத் தெரிந்தால் ஆப்பரேட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பயல்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். லீவரை ஆட்டுவதை நான்கு நாளில் கற்றுக்கொள்ளலாம். காலையில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எந்த ஹோஸில் எண்ணெய் கசிகிறது, எந்தப் பின் தளர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிறவன் எத்தனை பேர்? படியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிட்டு ஏறுகிறவன் எத்தனை பேர்? இறங்கும்போது பக்கெட்டைத் தரையில் வைத்து, பூட்டு லீவரைப் போட்டுவிட்டு இறங்குகிறவனை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் இதையெல்லாம் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. அந்தத் திமிரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வண்டி தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பொக்லைனைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முன்னால் இருக்கிற பக்கெட்டைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். ஆளை அடிப்பது பெரும்பாலும் பின்பக்கம். மண்ணோடு தூக்கும் கைக்கு ஈடு கொடுக்க வண்டியின் முதுகில் டன் கணக்கில் இரும்புப் பாரம் வைத்திருப்பார்கள். நான் முன்னால் இடதுபுறம் திரும்பினால் அந்த முதுகு பின்னால் வலதுபுறம் வீசும். கேபின் இடது ஓரத்தில் இருப்பதால் வலதுபக்கம் பாதி எனக்குத் தெரியாது, பின்னால் முக்கால்வாசி தெரியாது. அதனால்தான் கீழே ஒருவர் நின்று சைகை காட்ட வேண்டும். திரும்பும் முன் இரண்டு முறை ஹாரன் அடிக்க வேண்டும். சைகை காட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வண்டி நிற்க வேண்டும். இதற்கு மேல் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

பெருமாநல்லூரைத் தாண்டி ஒரு சாயப்பட்டறையில் கழிவு நீர்த் தொட்டிக்குக் குழி எடுத்தோம். மேலே செம்மண், ஏழெட்டு அடிக்குக் கீழே சுக்காங்கல். இடம் மகா நெருக்கடி. முன்னால் குழி, இடதுபுறம் மண் ஏற்றுகிற டிப்பர், பின்னால் பட்டறையின் மதில் சுவர். பக்கெட் டிப்பர் மேல் இருக்கும்போது வண்டியின் முதுகு வலதுபுறம் திரும்பிவிடும். அப்போது வண்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஆள் தாராளமாக நடந்து போகலாம் போல ஒரு வழி தெரியும். பக்கெட் குழிக்குத் திரும்பியதும் முதுகு மதில் பக்கம் வந்துவிடும், அந்த வழி ஒன்றரை அடியாகச் சுருங்கிவிடும். முதல் நாளே அங்கே கயிறு கட்டச் சொன்னேன். “கட்டிரலாமுங்க” என்றார் சூப்பர்வைசர். இந்த ஊரில் யாரும் முடியாது என்று சொல்லவே மாட்டார்கள். கடைசி வரை கட்டவும் இல்லை.

எனக்குச் சைகை காட்ட வந்தவர் உள்ளூர்க்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குழியின் ஆழம் பார்த்து மட்டம் சொல்கிற வேலையும் அவருக்குத்தான். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுத்தார்களே, அங்கேயே பிசகு ஆரம்பித்துவிட்டது. ஆனால் நல்ல வேலைக்காரர். அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினால் அரை அங்குலம் தப்பாது. நான் அவரை எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். தம்பிக்கும் ஒரு ‘ங்க’ போடுவார். அவருடைய கை சொன்னதை நான் நம்பினேன், அவ்வளவு சுத்தமான சைகை.

நான்காம் நாள் காலை சூப்பர்வைசர் கேபினுக்குக் கீழே வந்து நின்றார். “ஏனுங்கண்ணா, பக்கத்து ஊட்ல பச்சக் கொழந்த இருக்குதுங்க. ஆரன் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுதாமுங்க. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கண்ணா” என்றார். அதிகாரமாகச் சொல்லியிருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் சண்டை போட்டிருப்பேன். நான் அப்படிப்பட்டவன்தான். கையைக் கட்டாத குறையாக நின்று கேட்ட ஆளிடம் என்ன செய்வது? சரி என்றேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹாரன் அடிப்பதை விட்டேன்.

அன்றைக்கே அண்ணாச்சியும் ஒன்று சொல்லியிருந்தார். “பதனொரு மணிக்கு நான் கெளம்போணுமுங் தம்பி. அக்கா பேத்திக்குச் சீருங்க.” அவர் போனதும் வேறு ஆள் வருகிறானா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அனுப்புவதாகச் சொன்னார். பிற்பகலில் கான்கிரீட் வண்டி வருகிறது, அதற்குள் குழியின் அடி தட்டையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி குழியிலிருந்து ஏறி வந்தார். என் இடதுபக்கம் நான் பார்க்கிற இடத்தில் நின்றார். கையைத் தூக்கினார். இன்ஜின் சத்தத்தில் வாய் அசைந்தது தெரிந்தது; கடைசியில் “வர்றனுங்க” என்பது மட்டும் காதில் விழுந்தது. சீருக்குக் கிளம்புகிற மனிதர் வர்றேன் என்றால் என்ன அர்த்தம்? வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொன்னால் என் அம்மா வாயிலேயே போடுவாள். பிறந்ததிலிருந்து கிளம்புகிற ஒவ்வொருவரும் என்னிடம் வர்றேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் தலையை ஆட்டினேன். “சரிண்ணாச்சி, போயிட்டு வாங்க” என்றேன். அவருக்கு அது கேட்டிருக்காது. தலையாட்டியது தெரிந்திருக்கும்.

அவர் சொன்னது, “பையெடுக்க அந்தப் பக்கம் வர்றனுங்க” என்பது.

சீருக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த வெள்ளைச் சட்டை ஒரு பையில் இருந்தது. எறும்பு ஏறக் கூடாது என்று மதிலில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கம்பியில் மாட்டியிருந்தார். கம்பி உயரம் என்பதால் கீழே அடுக்கியிருந்த ஹாலோபிளாக் கல் மேல் ஒரு காலை வைத்து ஏறியிருக்கிறார். அந்த நேரம் என் பக்கெட் டிப்பர் மேல் இருந்தது. அவருக்கு வழி அகலமாகத்தான் தெரிந்திருக்கும். அதோடு நான் தலையை வேறு ஆட்டியிருக்கிறேன்.

சூப்பர்வைசர் சொன்ன மாற்று ஆளும் வந்து சேரவில்லை. சைகை காட்டுகிற ஆள் போய்விட்டார் என்று நினைத்த அந்த நிமிடமே நான் பக்கெட்டைத் தரையில் வைத்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கான்கிரீட் வண்டி வருகிறதே, இன்னும் நாலு பக்கெட்தானே என்று நினைத்தேன். ஹாரன் அடிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. மண்ணைக் கொட்டிவிட்டுக் குழிப் பக்கம் திரும்பினேன். வண்டி எதிலோ மோதிய மாதிரிகூட இல்லை. அதுதான் இன்றைக்கும் ஆறமாட்டேன் என்கிறது. இருபது டன் வண்டிக்கு ஒரு முழங்கால் ஒரு பொருட்டே இல்லை. டிப்பர் டிரைவர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வண்டியை டிப்பர் பக்கம் திருப்பி முதுகை விலக்கிவிட்டு, பக்கெட்டை ஊன்றி, பூட்டு லீவரைப் போட்டுவிட்டு இறங்கினேன். அந்த நேரத்திலும் கை அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. அதை நினைத்தால் என் கை மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. அவர் மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பையை விடவில்லை. “ஒண்ணும் இல்லீங் தம்பி, ஒண்ணும் இல்லீங்க” என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அன்று மாலையே முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் வந்தது. ஏட்டு ஒருவர் பட்டறை ஆபீஸில் உட்கார்ந்து எழுதினார்.

“அவரு என்னய்யா சொன்னாரு?”

“வர்றேன்னாரு சார்.”

“வர்றேன்னு சொன்ன ஆள் மேலதான் வண்டியத் திருப்புனியா?”

“இல்ல சார். வர்றேன்னா, போறேன்னு சொல்றாருன்னு நெனச்சேன்.”

“வர்றேன்னா வர்றேன்தான்யா. தமிழ் தெரியாதா ஒனக்கு?”

ஹாரன் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார். நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். “அடிக்க வேண்டாம்னு நான் சொல்லலீங்களே. பாத்துப் பண்ணுங்கன்னுதானுங்க சொன்னேன்” என்றார் அவர். பொய் என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது அந்த வார்த்தைதான். ‘வருகிறேன் என்று காயமடைந்தவர் முன்கூட்டியே தெரிவித்தும், ஓட்டுநர் கவனக்குறைவாக இயந்திரத்தைச் சுழற்றியதில்’ என்று ஏட்டு எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். கவனக்குறைவு என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அது என்னுடையதுதான். ‘தெரிவித்தும்’ என்ற சொல்லோடுதான் சண்டை. ஏட்டு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார், தொப்பியை எடுத்தார். “சரி, நான் வர்றேன்” என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். பைக்கில் ஏறி மிதித்துப் போய்விட்டார். அந்த அறையில் இருந்த யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரிடமும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தம்பி மேல் தப்பே இல்லை, நான் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்றாராம். அந்த ‘சொல்லிவிட்டுத்தான்’ என்னை இன்னும் இறுக்கிவிட்டது என்று வக்கீல் சொன்னார். அவர் காப்பாற்ற நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஊட்டுக்குப் போனேன். அவர்கள் ஊடு என்று சொல்லிச் சொல்லி எனக்கும் வாயில் வந்துவிட்டது. போகும் வழியெல்லாம் ஒரே ஒரு வேண்டுதல்தான்: அந்த மனிதர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டும். சட்டையைப் பிடித்து உலுக்கினாலும் சரி. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் இல்லாத பக்கம் வேட்டி மடித்துச் செருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அந்தக் காலோடு, எனக்கு மரியாதை கொடுக்க எழுந்திருக்கப் பார்த்தார். ஓடிப்போய் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“வாங்க தம்பி. வேலையெல்லாம் நல்லாப் போவுதுங்களா?”

அவருடைய மனைவி காபி கொண்டுவந்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் டம்ளரைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். சீருக்கு எடுத்த வெள்ளைச் சட்டை துவைத்துக் கொடியில் தொங்கியது. நான் செய்ததைச் சொன்னேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்று நினைத்ததை, அப்போதே வண்டியை நிறுத்தாததை, ஹாரன் அடிக்காததை, மூன்றையும் சொன்னேன். “அதெல்லாம் உடுங்க தம்பி. நீங்க என்ன வேணும்னா பண்ணுனீங்க” என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

“சரிண்ணாச்சி, நான் போறேன்.”

வேண்டுமென்றேதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையாவது அந்த வீட்டில் சரியாகச் சொல்லப்பட வேண்டும் என்று இருந்தது. டம்ளரை எடுக்கக் குனிந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அண்ணாச்சியின் முகம் முதல்முறையாக மாறியது. காலை எடுத்ததற்குக் கோபப்படாத மனிதர் அதற்குக் கோபப்பட்டார்.

“என்னுங் தம்பி இது. போறேன்னு சொல்லப்படாதுங்க. வர்றேன்னு சொல்லிப்போட்டுப் போங்க.”

இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வர்றேங்க” என்றேன்.

“செரிங்க. போயிட்டு வாங்க” என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த ஊட்டுக்குப் போகவில்லை.