மூன்று பேருக்குப் பசியில்லை

பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்துக்குக் காபி கிளப்பின் உள்கூடத்தில் நான் முதலில் பார்த்தது, சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு குடையை. கைப்பிடியில் கீறல் விட்டிருந்தது. கீறலைச் சுற்றிப் பித்தளைக் கம்பி கட்டியிருந்தது. அந்தக் கம்பியைக் கட்டியவன் நான். குடைக்குக் கீழே அப்பா உட்கார்ந்து ரவா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று காலை ஸ்ரீரங்கத்தில், வீட்டில், இரண்டு பிடி சாதத்தில் மோரை விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு, "பசியே இல்லை" என்று எழுந்து போனவர் அவர். எனக்கும் பசியில்லை என்று அதற்குச் சற்று முன்னால் நான் சொல்லியிருந்தேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நிக்காதே, உக்காரு. சாம்பார் ஆறிடும்" என்றார்.

எதிரில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல், நான் வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா அதைக் கவனித்தார். அவருடைய கிண்ணத்துச் சாம்பாரில் வெங்காயம் மிதந்தது. எங்கள் வீட்டு வாசற்படியை வெங்காயம் தாண்டியதில்லை. அவர் முதல் சில வெங்காயங்களை இலையோரத்தில் ஒதுக்கினார். பிறகு ஒதுக்கவில்லை.

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவன்தான் இந்த இடத்தைச் சொன்னான்" என்றார் அப்பா.

இது முப்பதுகளின் நடுவில். வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவருடைய தம்பி, என் சித்தப்பா, கோட்டை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கல்யாணமாகாதவர். நான் கல்லூரியில் முதல் வருஷம். மூன்று பேரும் காலையில் காவேரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்கு வருவோம், மாலையில் திரும்புவோம். நாலாவது ஆள் அம்மா. அம்மாதான் தளிகை பண்ணுவாள்.

சமையல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சொல்வதில்லை. தளிகை என்றுதான் சொல்வோம். அது பெருமாளுக்காகச் செய்வது. நாங்கள் சாப்பிடுவது அவர் அமுது செய்த மிச்சம். இதனால் இரண்டு விதிகள் இருந்தன. தளிகை பண்ணுகிறவள் பெருமாளுக்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது. கொதிக்கும்போது முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. பெருமாள் அமுது செய்தபின் சாப்பிடுகிறவன் குறை சொல்லக் கூடாது. மூன்றாவதாக அப்பா சேர்த்த விதி ஒன்றும் உண்டு. மற்ற வீடுகளில் இலையோரத்தில் உப்பு வைப்பார்கள். எங்கள் வீட்டில் கிடையாது. பெருமாள் சரியென்று ஏற்றுக்கொண்டதில் நாம் உப்புச் சேர்ப்பது அவரைத் திருத்துவதாகும் என்பது அப்பாவின் கட்சி.

அம்மாவின் குழம்பில் உப்பு இருக்காது. அறவே இல்லை என்று சொல்ல முடியாது; உப்புப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்த குழம்பு என்று சொல்லலாம். காரணம் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய அப்பா காலில் நீர் கோத்து, மூன்று வருஷம் பத்தியத்தில் கிடந்து போனவர். அம்மா தளிகைக்குக் கை பழகியது அந்த மூன்று வருஷத்தில். அவளுடைய விரல்களுக்கு உப்பு என்றால் அந்த அளவுதான். எல்லாரும் சாப்பிட்டபின் அதையே சாப்பிட்டாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அப்பா குறை சொல்லவில்லை. பசி இல்லை என்று சொன்னார். சித்தப்பாவும் அதையே சொன்னார். நானும் சொன்னேன்.

கிளப்புக்குப் போகத் தொடங்கிய இரண்டு மாதத்தில் அப்பாவின் கோட்டுக்குப் பித்தான் எட்டவில்லை. அம்மா பித்தானை அரை அங்குலம் தள்ளித் தைத்தாள். தைத்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை முதல் ஒரு வழக்கம் வந்தது. அப்பா திருமண் இட்டுக்கொண்டு வந்ததும் அம்மா கீழே உட்கார்ந்து, அவருடைய கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்து, குழி விழுகிறதா என்று பார்ப்பாள். அப்பா செருப்புக்கு அளவு கொடுக்கிறவரைப்போல் நேரே பார்த்துக்கொண்டு நிற்பார்.

குழி விழவில்லை. அம்மாவுக்கு அது ஆறுதல் தரவில்லை. "கால்ல தெரியாட்டா வயத்துல கோத்துண்டிருக்கும்" என்றாள். வைத்தியரை வீட்டுக்கே வரவழைத்தாள்.

வைத்தியர் சித்திரை வீதியில் இருந்தவர். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"ஸ்வாமிக்குப் பசி எப்படி?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இல்லை" என்றார்.

"ஒரு பிடிக்கு மேல இறங்கறதில்லை" என்றாள் அம்மா. "ராத்திரியும் அப்படித்தான். தம்பிக்கும் அதே. பிள்ளைக்கும் அதே."

"ஆனா உடம்பு பூசினாப்போலன்னா இருக்கு?"

"அதுதான் எனக்கு பயமா இருக்கு."

வைத்தியர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் கெட்டிக்காரர். கிடைத்த தகவலிலிருந்து சரியான முடிவுக்கே வந்தார்.

"சாப்பிடாம ஒருத்தர் பருக்கறார்னா அது சதை இல்லை, நீர். மூணு பேருக்கும்னா, ஆத்துத் தண்ணியில ஏதோ இருக்கு. நெருஞ்சில் கஷாயம் காலையில ஒரு டம்ளர். உப்பை அடியோட தள்ளிடுங்கோ."

இதை மறுக்க அப்பாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அவர் அதைச் சொல்லவில்லை. காலையில் பெருமாள் சந்நிதியில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. வெங்காயச் சாம்பார் சாப்பிடுகிறவருக்கு அந்த இடம் இல்லை. வைத்தியரும் அதே கோஷ்டியில் நிற்பவர்.

அன்று முதல் குழம்பில் உப்பு அறவே நின்றது. நாங்கள் கிளப்பில் கூடுதலாகச் சாப்பிட்டோம்.

அம்மா தன்வந்திரி சந்நிதிக்குத் தினமும் போனாள். சனிக்கிழமைகளில் விரதம் தொடங்கினாள். பிறகு ஏகாதசி. பிறகு மற்ற நாட்களிலும் ஒரு வேளை என்று ஆயிற்று. கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. வீட்டில் மூன்று பேர் பருத்தோம்; ஒருத்தி இளைத்தாள். தெருவில் பார்த்தவர்கள் அம்மாவிடம், "உடம்புக்கு என்ன மாமி?" என்று கேட்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்லை. ஆத்துக்காரருக்குத்தான்" என்றாள்.

நான் கிளப்பில் சித்தப்பாவிடம், "நீங்களாவது சொல்லிடலாமே" என்றேன்.

"என்னன்னு? மன்னி, உங்க தளிகையைப் பெருமாள் ஒருத்தர்தான் தாங்கறார்னா?" என்றார். "சொல்லணும்னா உங்கப்பா சொல்லட்டும். தாலி கட்டினவர் அவர்."

அப்பா அடுத்த மேஜையில்தான் இருந்தார். வடையைப் பிட்டுச் சாம்பாரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னை அழைத்துக்கொண்டு உறையூர் நாச்சியார் கோயிலுக்குப் புறப்பட்டாள். பெருமாளிடம் நேரே கேட்டுப் பலனில்லை, தாயார் மூலமாகக் கேட்டால் அவர் தட்டமாட்டார் என்பது அவள் கணக்கு. ஜட்கா வண்டி பேசினோம். போகும்போது பாலத்தின்மேல் சொன்னாள்:

"எங்கப்பாவுக்கும் இப்படித்தாண்டா ஆரம்பிச்சுது. முதல்ல பசியில்லைன்னார். அப்புறம் முகம் உப்பித்து. பார்த்தவா எல்லாம் உடம்பு தேறியிருக்கேன்னா. தேறலை. நாலாவது தையைப் பார்க்கலை அவர்."

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தென்கரையோரமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கோயிலில் அம்மா நெடுநேரம் நின்றாள். திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தெப்பக்குளம் தாண்டுகையில் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை இருட்டிண்டு வரதுடா" என்றாள்.

வண்டிக்காரர் குதிரையை நிறுத்தினார். "அம்மாவை எறக்குங்க தம்பி. முகத்துல தண்ணி அடிக்கணும். இதோ எதிர்ல அய்யர் கிளப்பு இருக்கு பாருங்க."

"கொஞ்சம் தள்ளி வேற ஒண்ணு இருக்கே" என்றேன்.

"அதுவரைக்கும் அம்மா தாங்கணுமில்ல? எறங்குங்க."

அந்தக் கிளப்பில் பெண்கள் உட்கார வாசலை ஒட்டிப் பலகைத் தடுப்பு வைத்த ஓர் அறை இருந்தது. அம்மாவை அதில் உட்காரவைத்தேன். பரிமாறுகிறவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா முகம் கழுவிக்கொண்டு, மிச்சத்தைத் தூக்கிக் குடித்தாள். வேறு எதுவும் வேண்டாம், விரதம் என்றாள்.

பரிமாறுகிறவர் என் பக்கம் திரும்பினார். "என்ன, இன்னிக்கு இவ்வளவு நாழி? அப்பா உள்ளதான் சாப்டுண்டிருக்கார். சித்தப்பா ஆச்சு, கை அலம்பப் போயிருக்கார். உங்களுக்கும் அப்பா பக்கத்துலயே போட்டுடவா?"

அம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

"யாரோட அப்பா?"

"இவரோட அப்பாதான் மாமி. பித்தளைக் கம்பி கட்டின குடை வெச்சுண்டிருப்பாரே."

"தினமும் வருவாரா?"

"மழை பேஞ்சாலும் வருவார்."

"என்ன சாப்பிடுவார்?"

"ஆமவடை ரெண்டு. ரவா தோசை. கிண்ணத்துல வெங்காயச் சாம்பார் தனியா. சாம்பார் ரெண்டாந்தரம் கேப்பார்." ஏதோ தவறிவிட்டது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். குரல் கடைசியில் தணிந்தது.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்னாப் பசிக்கறதா அவருக்கு?" என்றாள்.

"பேஷாப் பசிக்கறது மாமி."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உறையூர் இருந்த திசையில் திரும்பிக் கை குவித்தாள். பரிமாறுகிறவர் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா உள்கூடத்திலிருந்து குடையோடு வெளியே வந்தபோது அம்மா பலகைத் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் கைக்குட்டையால் கை துடைத்துக்கொண்டு வந்த சித்தப்பா, மன்னியைப் பார்த்ததும் திரும்பி, மறுபடியும் கை அலம்பப் போனார்.

"ஏன்னா," என்றாள் அம்மா, "எது குறைச்சல்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"பெருமாள் அமுது செஞ்சதைக் குறை சொல்ற வழக்கம் நம்மாத்துல கிடையாதே" என்றார் அப்பா.

"இந்த வெங்காயத்தை எந்தப் பெருமாள் அமுது செஞ்சார்?"

அப்பா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வாசலில் வண்டிக்காரர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் தாயார்கிட்ட என்ன கேட்டுட்டு வரேன் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அம்மா. "உங்களுக்கு முன்னால என்னைக் கூட்டிண்டுடுன்னு கேட்டுட்டு வரேன்."

அப்பா குடையைத் தரையில் ஊன்றினார்.

"உப்பு" என்றார்.

கல்யாணமானதிலிருந்து அந்தச் சொல்லை அவர் அம்மாவிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாலு பேரும் ஒரே ஜட்காவில் திரும்பினோம். அப்பா பின்பக்கம் உட்கார்ந்ததும் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. "பெரியவரே, கொஞ்சம் முன்னால நகருங்க. குதிரை அந்தரத்துல நிக்குது" என்றார் வண்டிக்காரர். அப்பா நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்." மறுபடியும் நகர்ந்தார். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தின்மேல் சித்தப்பா, இந்த வருஷம் தண்ணீர் குறைவு என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கஷாயப் பானையைக் கொல்லையில் கவிழ்த்தாள். மாலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து விரதத்தை முடித்தாள். இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டாள். அன்று இரவு எங்களோடு அவள் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா வழக்கம்போல் ஈரப் புடைவையோடு தளிகை பண்ணினாள். முகரவில்லை, ருசி பார்க்கவில்லை. குழம்பில் உப்பை எவ்வளவு போட்டாள் என்று சித்தப்பா அடுக்களைக் கதவோரமாக நின்று பார்த்தார். வைத்தியர் வருவதற்கு முன்னால் போட்ட அதே அளவு என்று வந்து சொன்னார்.

அப்பா பெருமாளுக்கு முன்னால் உட்கார்ந்து திருவாராதனம் செய்தார். அம்மா பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். சாதம், குழம்பு, சாத்தமுது, கறியமுது, தயிர். கடைசியில் சின்ன வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள். அதில் பொடித்த உப்பு இருந்தது.

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு துளசி இலையைச் சேர்த்துக்கொண்டு வந்து, கிண்ணத்திலும் ஒன்றைச் சேர்த்து, மணியை அடித்தார்.

இலையில் சாதத்துக்கு முன்னால் அம்மா உப்புப் பிரசாதம் வைத்தாள். அப்பா அதை விரலால் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். மீதியைக் குழம்பில் போட்டுப் பிசைந்தார். கண் சிவந்து நீர் வழிந்தது. மூன்று தடவை சாதம் வாங்கிக்கொண்டார்.