நான்காவது குரல் முடியும்வரை

என் கொழுந்தன் வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பான். வாயைத் திறந்தால் ஃபியூக் என்கிற இசை வகையைப் பற்றித்தான் பேச்சு. ஒரு சின்ன மெட்டை ஒரு குரல் தனியாகத் தொடங்குமாம், அடுத்த குரல் அதையே பிடித்துக்கொண்டு பின்னால் வருமாம், பிறகு மூன்றாவது. நான்காவதை ஆர்கனுக்கு அடியில் இருக்கும் கால்கட்டைகளை மிதித்து வாசிப்பான்.

"அந்தக் காலத்துல பாடகருங்க இப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் துரத்திப் பாடுவாங்க அண்ணி. அதைத்தான் அப்புறம் விரலுக்குக் கொண்டுவந்தாங்க."

"நாலு பேரு ஒரே நேரத்துல பேசினா அது நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசைடா."

"அதேதான். ஆனா இங்க யாரும் யாரையும் அடக்குறதில்ல."

என் கணவர் சிரிப்பார். அவருக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் தம்பி வாசிக்கிறான் என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

போன வருஷம் அவர் இறந்தார். அடக்கத்துக்கு இவன்தான் வாசித்தான். ஆர்கன்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்; எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருக்கும். சவப்பெட்டியைத் தூக்குவது அதில் தெரிந்ததும் அவர் வாசிப்பை முடிக்க வேண்டும். முடித்த பிறகே தூக்கியவர்கள் நடப்பார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

தூக்கினார்கள். இவன் நிறுத்தவில்லை. தோளில் பாரத்தோடு ஆறு பேர் அப்படியே நின்றார்கள். பாதிரியார் இருமிக்கூடப் பார்த்தார். ம்ஹூம். நான்காவது குரலையும் வாசித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான்.

அதோடு ஆர்கனைத் தொடவில்லை. என் வீட்டுக்கும் வருவதில்லை. துக்கம், தானாக ஆறட்டும் என்று விட்டுவைத்தேன். நேற்று பொறுமை போய்க் கடைக்கே போய்விட்டேன்.

"இன்னும் எத்தனை நாளைக்குடா என் கண்ணுல படாம இருப்பே?"

தேய்க்கும் இயந்திரத்தை அணைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் சந்தோஷமா இருந்தேன் அண்ணி. அண்ணன் பெட்டிக்குள்ள கிடக்கார், நான் அடுத்த குரல் எங்க வரும்னு ரசிச்சுக்கிட்டு இருக்கேன். அவர் செத்ததே மறந்துபோச்சு."

எனக்குச் சுருக்கென்றது. இதை மனசில் போட்டுக்கொண்டா இத்தனை நாள் வெந்தான்? கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு வாசித்ததையே வாசி என்றேன். உட்கார்ந்து தொடங்கினான். மூன்று குரல்கள் வந்தன. சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

"இங்கதான் தூக்கினாங்க. இங்கயே முடிச்சிருக்கணும்."

நான் முன்வரிசையில் அவன் அண்ணனுடைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"முடிச்சிருந்தா அப்பவே கொண்டுபோயிருப்பாங்கடா," என்றேன். "நீ வாசிச்ச வரைக்கும் அவர் எங்கூட இருந்தாரு."

குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுதபடியே காலைத் தூக்கிக் கால்கட்டையின்மேல் வைத்தான்.