திரும்பாத காற்று

ஜோவ்னாவின் வீட்டில் எல்லோரும் கலைமான் மேய்ப்பவர்கள். அவர் மட்டும் முப்பது வருடமாக, ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பின்மார்க் பீடபூமியில் ரேடார் நிலையத்தின் ஐந்து ஆன்டெனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாலும் இல்ல, கொம்பும் இல்ல, இதென்ன மந்தைண்ணே?" என்று தம்பிமார் சீண்டுவார்கள்.

எண்பது கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து தீரும் விண்கற்களின் தடம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அங்கே வீசும் காற்றைக் கணக்கிடுவது அந்த ரேடார். கோடையில் மேற்கே போகும் காற்று, இலையுதிர்காலத்தில் கிழக்கே திரும்பிவிடும். வருடம் தவறாது.

கடந்த ஆண்டு திரும்பவில்லை. நிலையத்தின் ஆய்வாளர் ராக்ன்ஃப்ரிட் அதைக் கட்டுரையாக்கினாள். பன்னிரண்டு வருட உழைப்பில் அவள் பெயர் வெளியே தெரிந்தது அப்போதுதான். மே மாதம் ஹெல்சிங்கியில் பேச அழைத்திருந்தார்கள்.

ஏப்ரல் கடைசியில் பனி சற்று இறங்கியதும், ஜோவ்னா கேபிள் பெட்டியைத் திறந்தார். கிழக்கு ஆன்டெனாவின் சிவப்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் மேற்கின் நீலம். நீலத்தின் இடத்தில் சிவப்பு. அப்படியானால் ரேடார் கிழக்கை மேற்கென்றுதான் காட்டியிருக்கும். போன இலையுதிர்காலத்தில் ஒரு கிடா மான் கொம்பில் சுற்றி கேபிள்களை அறுத்துக்கொண்டு ஓடியது. கொட்டும் பனிமழையில், விறைத்த கையோடு அவற்றை மறுபடி இணைத்தவர் அவர்தான்.

மாற்றிச் செருக இரண்டு நிமிடம் போதும். அதுவும் இப்போது, வசந்தத்தில் காற்று தானாகவே மேற்கே திரும்பும் வாரம். இன்றைக்கு மாற்றினால் பொய்யான குளிர்காலமும் மெய்யான கோடையும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். திருகில் வைத்த கையை எடுத்து, அவர் ராக்ன்ஃப்ரிட்டுக்குப் போன் செய்தார்.

"எதையும் தொடாத. வர்றேன்."

பனிவண்டியில் வந்தவள் குனிந்து இரண்டு பட்டைகளையும் சரிபார்த்தாள்.

"அப்ப காத்து திரும்பித்தான் இருக்கு."

"ஆமா. நான்தான் மாத்திக் காட்டிட்டேன்."

"ஒரு கிடாவோட கொம்பைப் பத்தி ஆறு மாசம் கட்டுரை எழுதியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பேசாம மாத்தியிருக்கலாமேய்யா. எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதான் கூப்பிட்டேன்."

"தேதி ஞாபகம் இருக்கா? கேபிள் மாறின தேதி தெரிஞ்சா அந்தக் குளிர்காலப் பதிவையாவது மீட்டுடலாம்."

"எங்க வீட்ல கறிக்குக் கிடா வெட்டின மறுநாள். செப்டம்பர் பதினெட்டு."

பதிவேட்டில் தன் கையாலேயே தவறை எழுதி, கீழே பெயரையும் எழுதினார். ராக்ன்ஃப்ரிட் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். அந்தத் தேதியிலிருந்து பதிவின் திசையைப் புரட்டிப் போட்டதும், அந்தக் குளிர்காலமும் மற்றவற்றைப் போல ஒன்றாகிவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கோடை முழுதும் அவள் அவரோடு உட்கார்ந்து காபி குடிக்கவில்லை.

செப்டம்பரில், கேபிள் சோதிக்கும் நாளில், அவர் கூப்பிடாமலே வந்து நின்றாள். அவர் பட்டையின் நிறத்தைச் சொல்ல, அவள் ஆன்டெனாவின் எண்ணைப் படித்தாள். ஐந்தும் முடியும்வரை வேறு பேச்சில்லை.